கிணற்று நுளம்பும் மலேரியாவும்
(இந்தியாவிலிருந்து திரும்பி மன்னார், யாழ்ப்பாணம் செல்லும் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)



காணி, பதிவு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று உங்களுக்கு ஆயிரம் யோசனை. அதற்கு நடுவில் நுளம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நுகேகொடையில் காய்ச்சல் என்றதும் டெங்கு என்றுதான் நினைப்போம். அடிக்கடி மழை, நெருக்கமான வீடுகள், பீலியிலும் யோகட் கோப்பையிலும் தேங்கும் தண்ணீர். நீங்கள் போகும் இடம் வேறு. அங்கே மழை குறைவு, கிணறும் சீமெந்துத் தொட்டியும் இல்லாமல் சீவியம் இல்லை.

தண்ணீர் நிற்கும் விதம் மாறினால் நோயும் மாறும். 1934-35இல் மலேரியா கடுமையாக அடித்தது வறண்ட வன்னியை அல்ல. மழை வளமுள்ள கேகாலை, குருநாகல் பக்கத்தை. மழை பொய்த்து, மகா ஓயா போன்ற ஆறுகள் ஓடாமல் குட்டை குட்டையாகத் தேங்கின. வெயில் படும் தெளிந்த குட்டைகளில் நுளம்பு பெருகியது. அந்தச் சனத்துக்கு மலேரியா பழக்கமில்லை, உடம்பில் எதிர்ப்புச் சக்தியும் இல்லை. சில மாதங்களில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள்.

2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே வருடக் கடைசியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்ற நுளம்பு பிடிபட்டது, பிறகு யாழ்ப்பாணத்திலும். இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இந்த நுளம்பு கிணற்றிலும் தொட்டியிலும் முட்டையிடும். நுளம்பு ஏற்கெனவே அங்கே இருக்கிறது. கிருமி வர ஒரு நோயாளியின் இரத்தம் போதும்.

"அப்போ நாங்களா நோயைக் கொண்டுவருகிறோம்?" என்று கோபப்படாதீர்கள். வியாபாரத்துக்கும் யாத்திரைக்கும் இந்தியா போய்வருகிறவர்களுக்கும் இதே விதிதான்.

ஊருக்குப் போனதும் மலேரியா தடை இயக்கத்தினரிடம் குடும்பத்தோடு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காசு இல்லை. ஆனாலும் ஒருவகை மலேரியா ஈரலில் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும், முதல் பரிசோதனையில் தெரியாது. பல மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் "இந்தியாவிலிருந்து வந்தோம்" என்று வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். இளம் வைத்தியர்களில் பலர் மலேரியா நோயாளியையே கண்டிருக்கமாட்டார்கள், நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்கு அது நினைவு வரும்.

வருடக்கணக்கில் பாவிக்காத கிணறு உங்கள் காணியில் இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றவேண்டாம், பிறகு அதையே குடிக்கவேண்டி வரும். புழுவைத் தின்னும் கப்பி மீனைக் கிணற்றில் விடுவார்கள். அள்ளும்போது வாளியில் மீன் வந்தால் திரும்ப உள்ளே விட்டுவிடுங்கள்.