சம்மன் வந்தால் கட்டுவதா, வழக்காடுவதா?



வேகமாக வண்டி ஓட்டியதாகச் சம்மன் வந்துவிட்டது. "காசைக் கட்டித் தொலைங்க" என்கிறார் மனைவி. "கோர்ட்டுக்குப் போய் ஒரு கை பார்த்துடு மச்சான்" என்கிறார் நண்பர். கெடா மாநிலத்தின் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பல வீடுகளில் நடக்கும் வாக்குவாதம் இது. யார் சொல்வது சரி?

முதலில் சம்மன் பெற்றவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்: தவறு நடந்ததா, இல்லையா?

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் உச்ச வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். சுங்கைப் பட்டாணி, பீடோங், குரூண் வழியாக அலோர்ஸ்டார் செல்லும் பழைய கூட்டரசுச் சாலையில் பொதுவாக 90. பெருநாள் காலங்களில் அது 80 ஆகக் குறைக்கப்படுவதுண்டு. அந்த நாட்களில் 88இல் சென்றவர், "தொண்ணூறைத் தாண்டவில்லையே" என்று வாதாடிப் பயனில்லை. சட்டம் அன்றைய வரம்பைத்தான் பார்க்கும்.

தவறு செய்தது உண்மையென்றால் கட்டிவிடுவதே புத்திசாலித்தனம். 2026 ஜனவரி முதல், 15 நாட்களுக்குள் கட்டினால் 50 விழுக்காடு கழிவு. 30 நாட்களுக்குள் என்றால் 33 விழுக்காடு. 60 நாட்களும் கடந்தால் நீதிமன்றம். 300 வெள்ளிச் சம்மன் 150இல் முடியும். வீம்புக்கு வழக்காடித் தோற்றால், 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி அபராதம் 2,000 வெள்ளி வரை போகலாம்.

ஆனால் தவறே செய்யாதவர்? படத்தில் இருப்பது வேறு வண்டி, அல்லது அந்த நேரத்தில் வண்டி வேறு ஊரில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். பாதி விலை என்பதற்காகச் செய்யாத குற்றத்தை வாங்கலாமா? ஆதாரத்தோடு முதலில் சம்மன் கொடுத்த துறையிடம் மனு கொடுக்க வேண்டும். அது பலிக்காவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். அங்கே குற்றத்தை நிரூபிக்கும் கடமை அரசுத் தரப்புக்கு. படத்தைக் காட்டச் சொல்லலாம். வேகமானி முறையாகச் சோதிக்கப்பட்டதா என்று கேட்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்டுப் பெறலாம்.

தயக்கம் எங்கே வருகிறது? வழக்கு ஒரே நாளில் முடியாது. பால்மரம் வெட்டுபவருக்கும் கூலிம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவருக்கும் ஒவ்வொரு தவணையும் ஒரு நாள் கூலி. வழக்கறிஞர் கட்டணமோ அபராதத்தை மிஞ்சும். அதனால் நியாயம் உள்ளவரும் கட்டிவிடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் லாரியோ பள்ளிப் பேருந்தோ ஓட்டிப் பிழைப்பவருக்கு லைசென்ஸ்தான் சோறு. பொய்யான குற்றப்பதிவு அவர் பிழைப்பைக் கெடுக்கும். அவர் நின்று போராடத்தான் வேண்டும்.

இன்னொன்று. வண்டி அப்பா பெயரில், ஓட்டியது மகன். பாசத்தால் அப்பா சத்தமில்லாமல் கட்டுகிறார். ஓட்டியவர் யார் என்று அதிகாரிகள் கேட்டால் சொல்வது உரிமையாளரின் கடமை. மறைத்தால் பையன் பாடம் கற்கமாட்டான். இன்று தபாலில் வந்தது வெறும் காகிதம். நாளை வருவது விபத்துச் செய்தியாக இருந்தால்?

எல்லாவற்றிலும் மோசமானது சம்மனை அலமாரியில் போட்டு மறப்பது. நீதிமன்றம் அழைத்தும் போகாதவருக்குக் கைது ஆணையே வரலாம்.

ஆகவே தவறு செய்தவர் 15 நாட்களுக்குள் கட்டட்டும். செய்யாதவர் அதே 15 நாட்களுக்குள் ஆதாரங்களைத் திரட்டட்டும்.