உலகைச் சுற்றிய பெண்கள் படகு

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பொறுப்பாளர்கள் சார்பில் ஆற்றிய உரை)



வழக்கமா நாம சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன்னுதான் பேசுவோம். இன்னைக்கு ஒரு படகைப் பற்றிப் பேசப் போறோம். படகுக்கும் குழுவுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கத் தோணும். முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

இங்கிலாந்தில் 1973-ஆம் ஆண்டு விட்பிரெட் என்ற பாய்மரப் படகுப் போட்டி தொடங்கியது. உலகத்தையே சுற்றி வர வேண்டும். எஞ்சின் போட்டு ஓட்டக் கூடாது. காற்றும் பாயும்தான் துணை. 1985-86 போட்டியில் டிரேசி எட்வர்ட்ஸ் என்ற இளம்பெண் ஒரு படகில் போனார். என்ன வேலைக்குத் தெரியுமா? சமையல் வேலைக்கு! அந்தக் காலத்தில் போட்டிப் படகுகளில் பெண்கள் மிகக் குறைவு. பாய் இழுக்கவும் சுக்கான் பிடிக்கவும் ஆண்களைத்தான் தேடுவார்கள்.

அடுத்தவர் படகில் இடம் கேட்டு நிற்பதைவிட, பெண்களே சேர்ந்து ஒரு படகை ஓட்டலாம் என்று அவர் முடிவு செய்தார். வீட்டை அடமானம் வைத்து, 58 அடி நீளமுள்ள பழைய அலுமினியப் படகு ஒன்றை வாங்கினார். அதற்கு ‘மெய்டன்’ என்று பெயர் வைத்தார்கள். படகு இருந்த நிலையில் கடலில் இறக்க முடியாது. கூலிக்கு ஆள் வைக்கப் பணமும் இல்லை. அந்தப் பெண்களே உள்ளே இருந்ததைக் கழற்றி, பழைய பெயிண்டைச் சுரண்டி, புதுப் பெயிண்ட் அடித்துச் சரி செய்தார்கள்.

பண உதவி கேட்டு ஏறி இறங்கிய கம்பெனிகள் கையை விரித்தன. பெண்கள் தனியாகக் கடலுக்குப் போய் உயிர் போனால் தங்கள் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் அவர்களுக்கு. கடைசியில் ஜோர்டான் நாட்டு மன்னர் உசேன் ஊக்கம் கொடுக்க, அந்நாட்டு விமான நிறுவனம் உதவியது. பத்திரிகைக்காரர்களோ தகரடப்பா என்று கேலி செய்தார்கள். முதல் கட்டத்தைக்கூடத் தாண்ட மாட்டார்கள் என்றார்கள். நாம குழு ஆரம்பிச்சப்போ திண்ணையில உட்கார்ந்து பேசினவங்க ஞாபகம் வருது இல்லீங்களா?

1989 செப்டம்பர் 2-ஆம் தேதி சவுத்தாம்டன் துறைமுகத்தில் போட்டி தொடங்கியது. மொத்தம் ஆறு கட்டம். இரண்டாவது கட்டம்தான் மிகக் கடினம். தென் அமெரிக்காவின் உருகுவேயில் இருந்து ஆஸ்திரேலியா வரை, பனிப்பாறை மிதக்கும் தென்கடல் வழியாகப் போக வேண்டும். ஒரு பானையின் வயிற்றைச் சுற்றி நூல் கட்டிப் பாருங்க, நீளம் அதிகம். அடிப்பக்கமாகச் சுற்றினால் நீளம் குறையும். பூமியும் அப்படித்தான். தெற்கே இறங்க இறங்கத் தூரம் குறையும், ஆனால் குளிரும் புயலும் கூடும். மெய்டன் அந்தத் தெற்கு வழியைப் பிடித்தது. அந்தக் கட்டத்தில் தன் பிரிவில் முதலாவதாக வந்தது. அடுத்து நியூசிலாந்து வரையான கட்டத்திலும் முதலிடம்! கேலி பேசிய வாய்கள் அடங்கின. நான்காவது கட்டத்தில் படகுக்குள் தண்ணீர் கசிந்தது, நேரமும் போனது. ஆனாலும் 1990 மே மாதம் ஊர் திரும்பியபோது தங்கள் பிரிவில் இரண்டாவது இடம் அவர்களுக்கு.

இது எப்படி முடிந்தது? கனமான படகு அது. நனைந்த பாயை ஒருத்தி தனியாக இழுக்க முடியாது. இரவும் பகலும் ஓட வேண்டிய படகில் ஒரே ஆள் விழித்திருக்கவும் முடியாது. அதனால் இப்படிப்பட்ட படகுகளில் எல்லோரும் முறை வைத்து வேலை பார்ப்பார்கள். ஒரு பகுதியினர் மேலே பாயும் சுக்கானும் பார்க்க, மற்றவர்கள் கீழே தூங்குவார்கள். சில மணி நேரத்தில் மாறிக்கொள்வார்கள். படகு எங்கே இருக்கிறது, காற்று எப்படி என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பார்கள். தூங்கி எழுந்து வருபவர் அதைப் பார்த்து வேலையைத் தொடரலாம். தலைவி தூங்கினாலும் படகு நிற்காது.

சகோதரிகளே, இந்த இடத்துலதான் நம்ம குழுவை நினைச்சுப் பார்க்கணும். எத்தனை குழுவுல ஊக்குநர் ஒருத்தரே வங்கிக்குப் போய், நோட்டும் எழுதி, கூட்டத்துக்கும் அலையுறாங்க? அவங்க மகள் பிரசவத்துக்குன்னு மூணு மாசம் வெளியூர் போயிட்டா தவணை என்ன ஆகும்? கணக்கு யாருக்குத் தெரியும்? குழு உடையுறது பணம் இல்லாததால மட்டும் இல்லைங்க, எல்லாப் பாரத்தையும் ஒரே தோள்ல வைக்கிறதாலயும்தான்.

மெய்டனின் கதை 1990-உடன் முடியவில்லை. பிறகு விற்கப்பட்ட அந்தப் படகு, 2014-இல் சீஷெல்ஸ் தீவில் கவனிப்பாரின்றிக் கிடந்தது தெரியவந்தது. டிரேசியும் பழைய தோழிகளும் பணம் திரட்டி மீட்டார்கள். சரி செய்த படகு, பெண் குழந்தைகளின் கல்விக்காக 2018 முதல் உலகம் சுற்றியது. 2023-24-இல் ஓஷன் குளோப் என்ற போட்டி நடந்தது. பெரும்பாலும் தொழில்முறை அல்லாதவர்கள் ஓட்டும் போட்டி. செயற்கைக்கோள் கருவி கிடையாது, சூரியனையும் நட்சத்திரத்தையும் பார்த்தே வழி கண்டுபிடிக்க வேண்டும். பல நாட்டு இளம்பெண்கள் மெய்டனை ஓட்டினார்கள். நம் நாட்டுப் பெண் ஒருவரும் அதில் இருந்தார். படகுகளின் அளவுக்கும் திறனுக்கும் ஏற்ப நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தபோது மெய்டனுக்கே முதலிடம். தலைமை தாங்கியவர் ஹீதர் தாமஸ் என்ற இளம்பெண். டிரேசி அந்தப் படகில் இல்லை. சுக்கானை அடுத்த தலைமுறைக் கையில் கொடுத்திருந்தார்.

அதனால் ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

1. வங்கிக்குப் போக மாதம் ஒரு உறுப்பினர், பிரதிநிதியுடன் துணைக்குப் போய்ப் பழக வேண்டும்.

2. பதிவேடு எழுத இன்னும் இரண்டு பேருக்குக் கற்றுத்தர வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்குக் கணக்கை வாசித்துக் காட்ட வேண்டும்.

3. பொறுப்பாளர்களை முறைப்படி மாற்ற நாள் குறிக்க வேண்டும்.

தீர்மான நோட்டை அடுத்த மாதம் கொண்டு வாங்க. யார் யாருக்கு எந்த முறைன்னு சேர்ந்து பார்ப்போம்.