நூலகம் வாய்திறக்கட்டும்!

(சேவுகம்பட்டித் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய பொழிவின் சுருக்கம்)



தைத் திங்களில் வாழைப்பழங்களைக் கூடை கூடையாய்ச் சூறைவிடும் ஊர் உங்கள் சேவுகம்பட்டி. பழத்தைப் பூட்டி வைத்தால் அழுகும். வாரி வழங்கினால்தான் ஊர் உண்ணும். நூலுக்கும் அதுவே நெறி.

சீர்காழியிற் பிறந்த நூலகப் பேரறிஞர் அரங்கநாதனார் 1931இல் நூலகத்திற்கு ஐந்து நெறிகளை வகுத்தளித்தார். ஒவ்வொரு நூலுக்கும் உரிய படிப்பாளரைத் தேடித்தர வேண்டும் என்பது அவற்றுள் மூன்றாவதன் கருத்து. அவ்வாண்டே மன்னார்குடிப் பகுதிச் சிற்றூர்களுக்குக் கனகசபையார் முயற்சியால் மாட்டுவண்டியில் நூல்கள் சென்றன. படிப்பவர் வரட்டும் என்று அந்நூலகம் காத்திருக்கவில்லை. அவர்தம் வாயிலுக்கே சென்று அழைத்தது.

இன்றைய நிலை என்ன? அவினாசிலிங்கனார் கல்வியமைச்சராயிருந்தபொழுது, 1948இல், பொதுநூலகச் சட்டம் இயற்றப்பெற்றது. அதன்படி வீட்டுவரியோடு நூலக வரியும் கட்டி வருகிறோம். ஆயினும், நம் பணத்தில் வாங்கிய நூல் எது, அதிலுள்ள பொருள் யாது என்று பல ஊர்களில் எடுத்துச் சொல்வாரிலர். நூலகம் ஊமையாய் நிற்கிறது.

அது பேச வேண்டும். பெருஞ்செலவு வேண்டா, வாயிலில் ஒரு கரும்பலகை போதும். கிழமைக்கு ஒரு நூல். அதன் பொருள் நான்கு வரியில். யார்க்குப் பயன்படும் என்பது ஒரு வரியில். வாழையில் நோய் கண்ட உழவர்க்கு வேளாண் நூல். தேர்வெழுதும் மாணாக்கியர்க்கு இலக்கண நூல். படித்தவர் தம் கருத்தை, அது மாறுபட்டதாயினும், எழுதி ஒட்டட்டும். நூலகர் மறுமொழி எழுதட்டும். கேட்ட நூல் இல்லையெனில், அதனைப் பெறும் வழியை அறிவிக்கட்டும். திங்கள்தோறும் இவற்றைத் தொகுத்துத் தைத்தால், அதுவே ஊரின் கையெழுத்திதழ்!

அவ்வெழுத்தெல்லாம் எளிய தூய தமிழில் அமைதல் வேண்டும். நூலகம், உறுப்பினர் என்னும் நற்சொற்கள் இருக்க, 'லைப்ரரி', 'மெம்பர்' என்றெழுதுவது, நூலைக் காக்கும் இடத்திலேயே மொழியைக் கொல்வதாகும்.

யாழ்ப்பாணத்தில் 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களைப் பகைவர் எரித்தனர். நம் நெஞ்சு கொதிக்கிறது, கொதிக்கத்தான் வேண்டும். ஆனால், நம்மூர் நூல்களைத் தொடுவாரின்றிக் கறையானுக்கு இரையாக்கினால் அக்குற்றம் யாருடையது? அங்குத் தீ செய்ததை இங்கு நம் மடிமை செய்கிறது.

இளைஞர்களே! உங்களுள் இருவர் பலகை எழுதும் பொறுப்பை ஏற்றால் போதும். இக்கிழமையே தொடங்குங்கள்! ஊமை நூலகத்தைப் பேச வையுங்கள்!

வாழ்க தமிழ்!