மாலை வேளையும் ஒரு பாட்டும்

(யூபிலி விழாவையொட்டி நடந்த குடிநோய் ஒழிப்புக் கூட்டத்தில் பங்கு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



குடியை விட்டவன் என்ற முறையில் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் பேச்சாளன் அல்ல. பாடற்குழுவில் கடைசி வரிசையில் நிற்பவன்.

குடியை நிறுத்திய புதிதில் பகல் எப்படியோ ஓடிவிடும். ஏலத்தோட்ட வேலைக்குப் போன ஜீப்புகள் கம்பம்மெட்டு வழியாக இறங்கி வரும் மாலை நேரம்தான் சோதனை. கையில் கூலி, உடம்பில் அசதி, வயிற்றில் பசி, மனசில் எரிச்சல். கால் தானாகவே கடைப்பக்கம் திரும்பும். ஆனால் அந்த ஆசை அலையைப் போன்றது. ஏறும்; பெரும்பாலும் அரைமணிக்குள் இறங்கிவிடும். அந்த அரைமணியைக் கடக்கத்தான் பாட்டு எனக்குத் துணை நின்றது.

பாடும்போது மூச்சை மெல்ல, நீளமாக விடுகிறோம். படபடப்புத் தணிகிறது. பலரோடு சேர்ந்து பாடினால் தனிமையும் விலகுகிறது.

ஆனால் எல்லாப் பாட்டும் மருந்தாகாது. இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் நம் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. பாட்டு ஒலிக்காத தெரு ஏது? கிளாசும் கையுமாக நான் கேட்ட பாட்டு இன்று காதில் விழுந்தாலும் நாக்கு ஊறுகிறது. குற்றம் பாட்டின் மேல் இல்லை, என் பழக்கத்தின் மேல். அப்படிப்பட்டவற்றைக் கொஞ்ச காலம் ஒதுக்கி வையுங்கள்.

சவுல் அரசர் மனம் கலங்கியபோது தாவீது யாழ் மீட்டினார். அரசர் ஆறுதல் அடைந்தார். அதே சாமுவேல் முதல் நூலில், தாவீது மீட்டிக்கொண்டிருந்தபோதே அரசர் ஈட்டியை எறிந்ததையும் படிக்கிறோம். இசை ஆற்றும், அது மட்டுமே குணமாக்காது. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, புத்தித் தடுமாற்றம் வரலாம்; உயிருக்கே ஆபத்து. முதலில் மருத்துவரிடம் போங்கள். பிறகு துணை தேடுங்கள். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டதில் பிறந்ததுதான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் சிகிச்சைப் பணியைத் தொடங்கினார்.

முன்பெல்லாம் நான் பாடிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் என் கடைசி மகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். போன வாரம் அவளே கேட்டாள்: "அப்பா, இன்னைக்குப் பாடலையா?"

ஆகவே பாடற்குழுவினரே, மாலைப் பயிற்சிக்குக் குடியை விட்ட ஒருவன் வந்தால், சுதி சேரவில்லை என்று அவனைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.