கை அறிந்ததும் திரை சொல்வதும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

இன்று ஓர் அம்மையாரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அவர் பெயர் ஷோஷானா சூபோஃப். 1981-இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியில் சேர்ந்தவர். பெரிய படிப்பாளி, ஆனாலும் ஆலைகளுக்குப் போய்த் தொழிலாளர்களோடு உட்கார்ந்து பேசினார். காகிதக்கூழ் ஆலைகளில் கணினி நுழைந்த காலம் அது.

அங்கே ஒருவர் கூழ்ச்சுருளைக் கையால் ஒரு தட்டுத் தட்டியே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவாராம். இன்னொருவர், உருளையிலிருந்து வரும் காகிதத்தின் பக்குவத்தைத் தம் முடி சிலிர்ப்பதை வைத்தே அறிவாராம். கணினி வந்ததும் இப்படிப்பட்டவர்களைத் தனி அறையில் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். தொட முடியாது, முகர முடியாது. எண்கள் மட்டும் ஓடும்! கை அறிந்த வேலையைப் புத்தியால் புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் 1988-இல் அம்மையார் நூலாக எழுதினார். கணினி வேலையைச் செய்வதோடு நிற்பதில்லை. வேலையைப் பற்றிய விவரங்களையும் அள்ளிக் கொட்டுகிறது. அவற்றைப் படிக்க யாருக்குக் கற்றுக் கொடுப்பது? தொழிலாளிக்குமா, மேலதிகாரிக்கு மட்டுமா? இதை முடிவு செய்வது இயந்திரம் அல்ல, மனிதர்தான் என்றார். நம் கைப்பேசி வழியே சேரும் விவரங்களை யார் ஆள்கிறார்கள் என்று 2019-இல் வந்த நூலிலும் கேட்டார்.

படித்தபோது என் அம்மா நினைவு வந்தது. பால்மரம் வெட்டியவர். கத்தி பட்டைக்குள் எவ்வளவு போகலாம் என்று அவர் கைக்குத் தெரியும். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். "இதெல்லாம் ஒரு படிப்பாய்யா?" என்பார். படிப்புத்தான் அம்மா!

நானும் ஒரு தவறு செய்தேன். கெட்டுப்போயிடும் என்று பயந்து, கணினியில் கெட்டிக்காரப் பிள்ளைகள் நால்வரை மட்டுமே உட்கார வைத்தேன். மற்றவர்கள் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஒருநாள் ஒரு பையன், "சார், நான் எப்போ தொடுறது?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. இப்போது முறை வைத்து எல்லாரும் உட்காருகிறார்கள். ஒரு விசை கழன்றது, ஒட்டிவிட்டோம். அவ்வளவுதான்!

பெற்றோர்களே, உங்கள் கை அறிந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர்கள் திரையில் கற்றதை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். இன்று பரிசு வாங்காத பிள்ளையிடமும் கேளுங்கள்.