கரிசல் மண்ணில் உலகம்: பொருள், படம், பாடம்

(சிவகாசி அருகே எம். புதுப்பட்டியில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவு)



இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஓர் ஆசிரியரின் நினைவாக இந்த அறக்கட்டளை இயங்குகிறது. ஆகவே உலகமயம் என்ற பெரிய பொருளை இந்த ஊரில் நின்று பேச விரும்புகிறேன். பண்பாடு, ஊடகம், கல்வி ஆகிய மூன்று துறைகளிலும் அறிஞர்கள் சொன்னவற்றை நம் மண்ணின் வரலாற்றோடு உரசிப் பார்க்கப் போகிறேன். என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். உலகிலிருந்து சரக்கும் எந்திரமும் சட்டமும் இங்கே வந்து சேர்ந்துவிட்டன. அவற்றைப் பற்றிய அறிவு மட்டும் உழைக்கிறவர் கைக்கு முழுதாக வந்து சேரவில்லை. அதைச் சேர்ப்பதுதான் இங்குள்ள கல்வியின் தலையாய கடமை.

1. மூன்று தரப்புகள்

டேவிட் ஹெல்ட் முதலிய நால்வர் 1999இல் வெளியிட்ட நூலில் உலகமயம் குறித்த கருத்துகளை மூன்று தரப்பாகப் பிரித்தார்கள். உலகச் சந்தை எல்லா எல்லைகளையும் கரைத்துவிடும் என்பது முதல் தரப்பு. இதில் புதுமை எதுவும் இல்லை, உலக வாணிகம் முன்பும் இருந்தது, அரசுகளின் பிடி இன்னும் தளரவில்லை என்பது இரண்டாம் தரப்பு. எல்லாமே மாறிக்கொண்டிருக்கின்றன, ஆனால் அந்த மாற்றம் எங்கே போய் முடியும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பது மூன்றாம் தரப்பு.

அர்ஜுன் அப்பாதுரை 1996இல் எழுதிய நூல் இன்னொரு வழியைக் காட்டியது. மக்கள், எந்திரம், பணம், ஊடகம், கருத்து ஆகிய ஐந்தும் உலகெங்கும் ஓடுகின்றன. அவை ஒரே வேகத்திலும் ஒரே திசையிலும் ஓடுவதில்லை என்றார் அவர். நம் ஊருக்கு மிகவும் பொருந்துவது இந்தப் பார்வைதான். இங்கே எந்திரம் முன்னே வந்தது, பணம் அதன் பின்னால் வந்தது, கருத்து இன்னும் வழியில் இருக்கிறது.

2. தீக்குச்சியின் வழி

இந்தியாவில் உலகமயம் 1991இல் தொடங்கியது என்று பலர் எழுதுகிறார்கள். நம் சிவகாசியின் கணக்கு அதற்கும் எழுபது ஆண்டு முந்தையது. அந்நாளில் இந்தியாவில் எரிந்த தீக்குச்சிகளில் பெரும்பகுதி ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தவை. 1922இல் பிரிட்டிஷ் இந்திய அரசு இறக்குமதித் தீப்பெட்டிக்குக் கடும் வரி விதித்தது. ஸ்வீடன் நிறுவனம் அதற்கு ஒரு வழி கண்டது. அது விம்கோ என்ற பெயரில் இந்தியாவுக்குள்ளேயே ஆலைகளை நிறுவியது. அதே காலத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள்.

முதலில் ஜெர்மன் எந்திரங்களைக் கொண்டு தொழில் தொடங்கிய சிவகாசி, சில ஆண்டுகளில் கைவேலைக்கு மாறியது. மழை குறைந்த கரிசல் மண்ணில் விவசாயம் கைகொடுக்காத குடும்பங்கள் ஏராளமாக இருந்தன. எந்திரத்தை விட அவர்களின் கை மலிவாகக் கிடைத்தது. குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் வீட்டுத் திண்ணைக்கே வந்தன. ஸ்வீடனின் பெரும் எந்திர ஆலையோடு இந்தத் திண்ணைகள் போட்டியிட்டு நின்றன. உலகச் சந்தையில் உள்ளூர்க்காரர் வென்றதற்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அந்த வெற்றிக்கு விலை கொடுத்தவர்கள் பெண்களும் குழந்தைகளும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் வெளிநாட்டு வெடிகளின் வரவை நிறுத்தியது. 1940 முதல் சிவகாசியில் பட்டாசு ஆலைகள் எழுந்தன. வாணவேடிக்கை இங்கே புதிதும் அன்று. பி. கே. கோடே 1953இல் வெளியிட்ட ஆய்வில், 1443இல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் அங்கே கண்ட வேடிக்கைகளை எடுத்துக்காட்டுகிறார். சீனத்தில் பிறந்த கலை அரசர்களின் அவை வழியாகவும் கோயில் விழா வழியாகவும் பயணப்பட்டு, ஐந்து நூற்றாண்டுக்குப் பின் இங்கே தொழிலாயிற்று. இரண்டாம் தரப்பு அறிஞர்கள் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு.

அண்மைக் கதையையும் பாருங்கள். பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய் ஆயிற்று. அதற்குள் சீனத்துப் பிளாஸ்டிக் லைட்டர் பெட்டிக்கடை வரை வந்துவிட்டது. தீப்பெட்டி உற்பத்தியாளர்கள் முறையிட்டார்கள். 2023 ஜூனில், இருபது ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களை இறக்குமதி செய்ய ஒன்றிய அரசு தடை விதித்தது. 1922இல் ஓர் அரசாணை இந்தத் தொழிலுக்கு வழி திறந்தது, 2023இல் இன்னோர் அரசாணை அதைத் தாங்கிப் பிடித்தது. சந்தை எல்லைகளைக் கரைத்துவிடும் என்ற முதல் தரப்பின் நம்பிக்கை இந்த மண்ணில் பொய்த்துவிட்டது.

3. காலண்டர் என்னும் பண்பாடு

மேலை நாட்டு ஊடகங்கள் மற்றப் பண்பாடுகளை விழுங்கிவிடும் என்று ஹெர்பர்ட் ஷில்லர் போன்றோர் 1969 முதல் எச்சரித்து வந்தார்கள். அந்த எச்சரிக்கையில் பெரும் நியாயம் உண்டு. ஆனால் சிவகாசியின் அச்சகங்கள் அதற்குள் அடங்காத வேறொரு பாடத்தைச் சொல்கின்றன.

தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் இங்கே லித்தோ அச்சு வந்தது. பின்னர் ஆப்செட் வந்தது. எந்திரம் ஐரோப்பாவிலிருந்து வந்தாலும் அதில் அச்சானவை முருகனும் மீனாட்சியும் லட்சுமியும். கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டைய ராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர், நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதியவர். மேலை நாட்டு ஓவிய முறையின் ஒளியையும் நிழலையும் நாடக மேடையின் திரையையும் கோயில் சிற்பத்தின் நிலைகளையும் ஒன்றாக்கி அவர் வரைந்த தெய்வங்கள் சிவகாசி அச்சின் வழியாக இந்தியா முழுவதும் பூசையறைகளில் குடியேறின. தம் வீட்டுச் சாமி படத்தை வரைந்தவர் யாரென்று வடநாட்டுக் குடும்பம் அறியாது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

கஜ்ரி ஜெயின் சிவகாசிக்கு வந்து களஆய்வு செய்து, 2007இல் காலண்டர் ஓவியம் பற்றிப் பெரிய நூலை வெளியிட்டார். காலண்டரை வெறும் சரக்காகப் பார்க்க முடியாது, அது வியாபாரிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே உள்ள உறவையும் நம்பிக்கையையும் வழிபாட்டையும் சுமக்கிறது என்று அந்நூல் காட்டுகிறது. நமக்குத் தெரிந்த நடைமுறைதானே இது! ஆடிப்பெருக்கில் புதிய ஆல்பம் வெளியாகும். முகவர்கள் அதைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக ஆர்டர் எடுப்பார்கள். புத்தாண்டில் மளிகைக் கடைக்காரர் தம் வாடிக்கையாளருக்கு அதை இலவசமாகக் கொடுப்பார். ராகு காலமும் நல்ல நேரமும் அச்சிட்ட தினசரி காலண்டர் மலேசியா, சிங்கப்பூர் வரை போய்த் தமிழர் வீடுகளில் தொங்குகிறது.

பண்பாடு அழிந்தே தீரும் என்ற முடிவை இந்த மண் ஏற்கவில்லை. வெளியிலிருந்து வந்த எந்திரத்தை நாம் ஆண்டோம். எந்திரத்தை இயக்கும் திறமையோடு, அதில் எதை அச்சிடுவது என்று தீர்மானிக்கும் அறிவும் நம்மிடம் இருந்ததே அதற்குக் காரணம்.

4. ஊடகம் நம்மைக் காட்டும் விதம்

யுனெஸ்கோ அமைத்த மெக்பிரைடு ஆணையம் 1980இல் தந்த அறிக்கை, செய்தி ஒரே திசையில் பாய்வதைக் குறை கூறியது. செல்வ நாடுகள் பேசுகின்றன, ஏழை நாடுகள் பேசப்படுகின்றன என்பது அதன் சாரம். நம் வட்டாரத்தின் அனுபவமும் அதுவே.

சிவகாசியைக் குட்டி ஜப்பான் என்று நேரு பாராட்டியதாக வழங்கும் பெயரை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். சலம் பென்னுர்கர் அந்தப் பெயரையே எடுத்து 1990இல் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். விடிவதற்கு முன் ஆலை வண்டிகளில் ஏற்றப்பட்ட பிள்ளைகளை உலகம் பார்த்தது. அந்தப் படம் நமக்கு வலித்தது, ஆனால் அது தேவையான வலி. வெளியிலிருந்து வந்த கண் நம் நன்மைக்கும் உதவும் என்பதற்கு அது சான்று.

இன்றைய நிலை வேறு. தீபாவளிக்கு முந்தைய வாரத்திலும் விபத்து நடந்த நாளிலும் மட்டுமே கேமராக்கள் இங்கே வருகின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் நாற்பது பேர் வரை இறந்தார்கள். 2023 அக்டோபர் 17 அன்று நம் ஊர்க் காவல் எல்லைக்குட்பட்ட ரெங்கபாளையத்தில் பதின்மூன்று உயிர்கள் போயின. ஒவ்வொரு முறையும் ஆறுதல் செய்தி, நிவாரணத் தொகை, எண்ணிக்கை ஆகியவை வெளியாகின்றன. ஆலைகளில் உள்குத்தகை ஏன் ஒழியவில்லை, நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாத அறையில் ஏன் கூடுதலானோர் அமர்த்தப்படுகிறார்கள், வீடுகளில் பட்டாசுக்கான கருந்திரி தயாரிப்பது ஏன் தொடர்கிறது என்ற கேள்விகள் மறுவாரமே செய்தியிலிருந்து மறைகின்றன. ஒவ்வொருவர் கையிலும் செல்போன் இருக்கும் காலத்தில், இந்தக் கேள்விகளை நம் இளைஞர்களே எழுதியும் படமெடுத்தும் தொடர்ந்து கேட்க வேண்டும்.

5. இரண்டு தீர்ப்புகள், இரண்டு குழந்தைகள்

1996 டிசம்பர் 10 அன்று எம். சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு சிவகாசி ஆலைகளில் வேலை செய்த குழந்தைகளைப் பற்றியது. ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் நிதியில் கட்ட வேண்டும், குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர வேண்டும், இயலாவிடில் அரசு ஐயாயிரம் ரூபாய் சேர்க்க வேண்டும், குழந்தை பள்ளிக்குப் போக வேண்டும் என்றது நீதிமன்றம்.

2015இல் டெல்லியில் மூன்று குழந்தைகளின் பெயரால் இன்னொரு வழக்கு வந்தது. மூச்சுவிடத் தூய காற்று வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. 2018 அக்டோபர் 23 அன்று வந்த தீர்ப்பு பேரியம் உப்புகளையும் சரவெடியையும் இணையவழி விற்பனையையும் தடுத்தது, தீபாவளி இரவில் எட்டு மணி முதல் பத்து மணி வரை மட்டும் வெடிக்கலாம் என்றது.

இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவோர் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. பள்ளிக்குப் போக வேண்டிய சிவகாசிக் குழந்தையின் உரிமையும் மூச்சுவிட வேண்டிய டெல்லிக் குழந்தையின் உரிமையும் ஒரே உரிமைதான். ஆனால் முதல் தீர்ப்பில் மாற்று வாழ்வுக்கு வழி சொல்லப்பட்டது. இரண்டாம் தீர்ப்புக்குப் பிறகு வேலைநாள் இழந்த தொழிலாளிக்கு அப்படிப்பட்ட ஏற்பாடு எதுவும் அமையவில்லை. தூய காற்றின் விலையைக் கூலிக்காரரே கட்டுவது நீதி ஆகாது.

6. பள்ளியும் பரிசோதனைக்கூடமும்

நம் விருதுநகர் மாவட்டத்துக்குக் கல்வி பெரிய முதலீடு. விருதுநகர் ஊரில் வியாபாரிகள் மகமை என்னும் பொதுநிதி வசூலித்தும் வீடுதோறும் பிடியரிசி திரட்டியும் பள்ளி நடத்தினார்கள். அந்த மகமை முறையை ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாகக் காணலாம். அந்த ஊரில் படித்து, பள்ளிப் படிப்பை இடையில் விட நேர்ந்த காமராசர்தான் முதலமைச்சராகி 1956இல் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். சிவகாசித் தொழில் ஈட்டிய பணம் 1963இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியாயிற்று. 1984இல் தொடங்கிய மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியின் பெயரிலேயே ஒரு ஜெர்மன் நிறுவனம் இருக்கிறது. மத்தாப்பில் மின்னும் அலுமினியப் பவுடரைத் தயாரிக்க அமைந்த கூட்டு முயற்சி ஒரு கல்லூரியின் பெயரில் நிலைத்திருக்கிறது.

பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் முதலிடம் பெற்ற மாவட்டம் இது. அதே மாவட்டத்தை 2018இல் ஒன்றிய அரசு முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டில் அப்பட்டியலில் இடம்பெற்றவை விருதுநகரும் இராமநாதபுரமும் மட்டுமே. தேர்ச்சி விழுக்காடும் வாழ்க்கைத் தரமும் தனித்தனியே நடக்கின்றன என்பதை இந்த முரண் காட்டுகிறது.

ஏன் இப்படி? பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தில் ஒரு மாணவி உப்பைக் கண்டறியும் சோதனை செய்கிறாள். சுடர் ஆப்பிள் பச்சையாக எரிந்தால் பேரியம் என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறாள். அதே பேரியத்தை அவளுடைய தாய் ஆண்டுக்கணக்காகக் கையில் அள்ளியவர். அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் ஏன் சூடேறுகிறது, குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் லேசான உராய்வுக்கே ஏன் வெடிக்கிறது, மணியாக உருட்டிய மருந்தைக் காய வைக்கும்போது ஏன் அதை இழுக்கக் கூடாது என்பதெல்லாம் அந்த மாணவியின் பாடத்துக்குள் அடங்கிய வேதியியல்தான். ஆனால் பாடம் பரிசோதனைக்கூடத்தோடு நின்றுவிடுகிறது. மருந்து கலக்கும் அறைக்கு அது போய்ச் சேரவில்லை. ஆலையில் போர்மேனுக்குப் பயிற்சி உண்டு. தினக்கூலிக்கு வரும் பெண்ணுக்கு அந்த அறிவைத் தரும் கடமை யாருடையது?

நம்மைப் பற்றிய ஆய்வுகளின் நிலையும் இதுவே. கலிபோர்னியாவிலும் வட கரோலினாவிலும் அச்சான நூல்களில் நம் ஊர்களின் வரலாறு இருக்கிறது. நம் வாழ்வை மாற்றிய தீர்ப்புகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அவற்றைத் தமிழில் முழுதாகப் படித்தவர்கள் இந்த அவையில் எத்தனை பேர் இருப்பார்கள்?

7. வேண்டுகோள்

அறக்கட்டளையாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு முதல் இந்தச் சொற்பொழிவோடு, இந்தப் பகுதியைப் பற்றிய ஒரு தீர்ப்பையோ ஆய்வையோ முறைப்படி அனுமதி பெற்று, எளிய தமிழில் சிறு நூலாக அச்சிடுங்கள். நாட்டுக்கே நோட்டுப் புத்தகமும் காலண்டரும் அச்சிடும் மண்ணில் இது கடினமான வேலை அன்று.

வேதியியல் ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களைக் கொண்டு பாதுகாப்புப் பாடத்தை ஊர்த் திண்ணைகளுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். ஆலை உரிமையாளர்கள் அதற்கு வேலை நேரத்தில், கூலி பிடிக்காமல் இடம் தர வேண்டும். கல்லூரிகள் கொண்டைய ராஜு முதல் கருந்திரி வரை இந்த மண்ணின் வரலாற்றை ஆய்வுப் பொருளாக்க வேண்டும்.

மாணவிகளே, உங்கள் தாய்மார் செய்யும் வேலையின் அறிவியலை அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். பல்கலைக்கழகத்துக்குப் போங்கள், வெளிநாட்டுக்கும் போங்கள். அங்கே கற்றதைத் தமிழில் எழுதி இந்த ஊருக்கு அனுப்புங்கள். அந்த அறிவு வந்து சேரும்போதுதான் உலகமயத்தால் இந்த ஊருக்கு நன்மை விளைந்தது என்று சொல்ல முடியும்.