பசுவின் வயிற்றிலே ஒரு பானை



மாலையில் பால் கறக்கும்போது நன்றாக இருந்த மாடு, விடியற்காலையில் வயிறு உப்பிச் செத்துக் கிடக்கிறது. பாம்பு தீண்டியது என்பார்கள், கண்ணேறு என்பார்கள். முதல் நாள் விருந்தில் மிஞ்சிய சோற்றை ஒரு வாளி நிறைய வைத்தோமே, அதை யாரும் நினைப்பதில்லை. பல வேளைகளில் எமன் அந்த வாளியில்தான் வந்திருப்பான். அது எப்படி என்பதை அறிய, மாடு புல்லைச் செரிக்கும் விதத்தை முதலில் பார்ப்போம்.

பால்மரக் காட்டோரத்துப் புல்லை நாம் ஒரு வாரம் மென்று விழுங்கினாலும் உடம்பில் ஒட்டாது. புல்லின் சத்து நாருக்குள் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி நம்மிடம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், மாட்டிடமும் இல்லை! சாவியை வைத்திருப்பவை அதன் வயிற்றில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்.

மாட்டின் இரைப்பையில் நான்கு அறைகள் உண்டு. முதல் அறைதான் பெரியது. வளர்ந்த பசுவுக்கு 100 லிட்டருக்கு மேலும் கொள்ளும். தோசை மாவு பானையில் புளிப்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். அதுபோல, மாடு அவசரமாக விழுங்கிய புல் இந்தப் பானையில் ஊறிப் புளிக்கிறது. பிறகு நிழலில் படுத்து, விழுங்கியதை வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடுகிறது. ஒரு நாளில் ஏறக்குறைய 8 மணி நேரம் இதற்கே போகும். சோம்பேறி மாடு என்று விரட்டாதீர்கள். அது வேலையில் இருக்கிறது.

நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்க வைக்கும்போது சிலவகை அமிலங்கள் உண்டாகின்றன. அவை இரைப்பைச் சுவர் வழியே இரத்தத்தில் கலக்கின்றன. மாட்டின் உடல் பலத்தில் பெரும்பங்கு இவற்றால்தான் கிடைக்கிறது. நுண்ணுயிர்களும் புல்லோடு சேர்ந்து நான்காவது அறைக்கு அடித்துச் செல்லப்பட்டு, அங்கே செரிக்கப்பட்டுப் புரதமாகின்றன. பாலுக்கும் சதைக்கும் வேண்டிய புரதம் பெரும்பாலும் இப்படி வருவதுதான். ஆகவே நாம் தீனி போடுவது மாட்டுக்கு மட்டுமல்ல, அந்தக் குடித்தனக்காரர்களுக்கும் சேர்த்துத்தான்.

முற்றிய லாலாங் புல்லை மட்டும் தின்னும் மாடு வயிறு நிறைந்தும் மெலிவது இதனால்தான். முற்றிய புல்லில் நார் மிகுதி, புரதம் குறைவு. புரதம் குறைந்தால் நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை. தின்றது வயிற்றிலேயே தங்கும். இளம் யானைப்புல்லையோ, கொஞ்சம் புண்ணாக்கையோ கூடச் சேர்த்தால் அதே லாலாங்கும் ஓரளவு செரிக்கும்.

இனிச் சோற்று வாளிக்கு வருவோம். அசைபோடும்போது மாட்டுக்கு உமிழ்நீர் வாளி வாளியாகச் சுரக்கிறது. அதில் சோடா உப்பு இருப்பதால் வயிற்றின் புளிப்பு அளவோடு நிற்கும். சோற்றை அசைபோட வேண்டியதில்லை, உமிழ்நீரும் குறைவு. சோறோ மிக வேகமாகப் புளிக்கும். கடும் அமிலம் பெருகி, நாரைச் செரிக்கும் உயிர்கள் மடிகின்றன. மாடு தள்ளாடும், கழியும், படுத்துவிடும். ஆட்டுக்கும் இதே கதிதான். மாட்டுப் பொங்கலன்று ஒரு கைப்பிடி ஊட்டுங்கள், குற்றமில்லை. பானையோடு வைப்பது பக்தியாகாது.

எந்தப் புதுத் தீனியானாலும் சிறிது சிறிதாகக் கூட்டி, இரண்டு வாரத்தில் முழு அளவுக்குக் கொண்டு வாருங்கள். அதற்குள் நுண்ணுயிர்கள் பழகிவிடும். செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு மாட்டுக்கு நல்ல தீனி. ஆனால் செம்மறியாட்டுக்கு அதையே முக்கியத் தீனியாக்கக் கூடாது. அதிலுள்ள செம்புச் சத்து ஈரலில் சேர்ந்து கொன்றுவிடும்.

மாட்டின் இடப்பக்கம், கடைசி விலாவுக்குப் பின்னே உள்ள குழியில் முட்டியை அழுத்தி இரண்டு நிமிடம் வைத்துப் பாருங்கள். உள்ளே அலைபோல் இரண்டு மூன்று முறை புரண்டால் பானை வேலை செய்கிறது. அசைவே இல்லையென்றால் தவிடு, சோறு எதுவும் வைக்காமல், உடனே கால்நடை இலாகாவுக்குச் சொல்லி அனுப்புங்கள். குழி மேடாகி, தட்டினால் மத்தளம்போல் ஒலித்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.